86-ஐ இறக்கி 245 டயர் போட்டேன், முன்னும் பின்னும் உரசுகிறது

கிள்ளான்86 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வண்டி 2013 டொயோட்டா 86, மேனுவல் கியர். கம்பெனி ரிம் 17க்கு 7 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் மாட்டும் முகம் வெளிப்பக்கமாக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற மி.மீ. அளவு) 48, டயர் 215/45ஆர்17. இப்போது போட்டிருப்பது 18க்கு 9 ரிம், ஆஃப்செட் 40, டயர் 245/40ஆர்18. காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) போட்டு 35 மி.மீ. இறக்கியிருக்கிறேன். நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நகர்ந்தால்தான் தொல்லை.

வாசலில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் எடுத்தால் முன்பக்கத்தில் அறுப்பதுபோல் சத்தம். எங்கள் குடியிருப்பு வேகத்தடைகளில் தனியாக ஏறினால் ஒன்றுமில்லை. இன்னொருவர் உட்கார்ந்தால் பின்பக்கம் இடிக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகமாக வளைந்தால் இடது முன்சக்கரத்திலிருந்து ஒரு சீறல்.

டயர் கடைக்காரர் "அகலம் அதிகம், ஃபெண்டர் விளிம்பில் உள்ளே நீட்டியிருக்கும் மடிப்பை உருளையால் மேலே படிய உருட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் முடிக்க வேண்டும். உருட்டச் சொல்லலாமா?

தாழ்வாரம்:

தாராளமாக உருட்டுங்கள். 86-க்கு 245 எல்லாம் ஓர் அகலமே இல்லை. 265 போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பின்சக்கரம்:

தம்பி, அவசரப்பட்டு ஃபெண்டரில் கைவைக்க விடாதீர்கள். உங்கள் வண்டியில் ஒரு தொல்லை இல்லை, மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு. கடைக்காரர் சொன்ன மருந்து அதிகம் போனால் ஒன்றுக்குப் பாதி உதவும்.

முதலில் டயர். பக்கவாட்டில் 40 என்று இருப்பது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 40 விழுக்காடு. 245-இல் 40 விழுக்காடு 98 மி.மீ. பழைய டயரில் 215-இல் 45 விழுக்காடு 96.75. ஆக, டயரின் பக்கச்சுவர் குறையவே இல்லை, ரிம் மட்டும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது. மொத்த விட்டம் முன்பு 625 மி.மீ., இப்போது 653. 28 மி.மீ. உயரமான சக்கரத்தைப் போட்டுவிட்டு வண்டியை 35 மி.மீ. இறக்கியிருக்கிறீர்கள். அது எங்கேதான் போகும்?

அகலத்தைக் குறை சொல்லி உயரத்தைத் தப்பவிடுவது டயர் கடைகளில் வழக்கமாகிவிட்டது. 18 அங்குல ரிம்மில் 245 வேண்டுமென்றால் உங்களுக்கு உரியது 245/35ஆர்18. அதன் விட்டம் 629. கம்பெனி அளவைவிட 3 மி.மீ. சொச்சம்தான் கூடுதல்.

கிள்ளான்86:

அண்ணா, நன்றி. கடையில் கேட்டபோது "35 போட்டால் பள்ளத்தில் ரிம் வளைந்துவிடும், 40தான் பாதுகாப்பு" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறதல்லவா?

பின்சக்கரம்:

இருக்கிறது. பக்கச்சுவர் 98-இலிருந்து 86-க்கு இறங்குகிறது, பள்ளத்தில் அடி நேரே ரிம்முக்குப் போகும். ஆனால் பக்கச்சுவர் வேண்டும் என்றால் 17 அங்குல ரிம்முக்கு வந்திருக்க வேண்டும். 245/40ஆர்17 போட்டால் சுவர் அதே 98, விட்டம் 628. எடையும் குறைவு. பார்வைக்கு 18தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டதால் அந்தப் பேச்சை விடுகிறேன்.

இன்னொன்று. வட்டம் நாலரை விழுக்காடு வளர்ந்துவிட்டதால் உங்கள் மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட நாலரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இழுவையும் போயிருக்கும். 4.1 விகித டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) இப்போது 3.92 போல வேலை செய்கிறது. நடுவேகத்தில் ஏற்கெனவே சோம்பும் எஞ்சினுக்கு இது வேறு.

கிள்ளான்86:

இரண்டாவது கியரில் முன்புபோல் எழும்பவில்லை என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ரிம் எடை என்று எண்ணியிருந்தேன்!

அளவுகோல்:

ரிம் கணக்கை நான் போட்டுவிடுகிறேன். இங்கே அடிக்கடி கேட்கப்படுவதால் முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரிம் அகலத்தை மில்லிமீட்டராக்கிப் பாதியாக்குங்கள். அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து (சக்கரம் மாட்டும் இடம்) ரிம் உள்ளே எவ்வளவு போகிறது என்று கிடைக்கும். ஆஃப்செட்டைக் கழித்தால் வெளியே எவ்வளவு வருகிறது என்று கிடைக்கும். கம்பெனி ரிம்: 7 அங்குலத்தில் பாதி 88.9. உள்ளே 136.9, வெளியே 40.9. உங்கள் புது ரிம்: 9 அங்குலத்தில் பாதி 114.3. உள்ளே 154.3, வெளியே 74.3.

அதாவது உள்பக்கம் 17 மி.மீ. சொச்சம், வெளிப்பக்கம் 33 மி.மீ. சொச்சம் பெருத்திருக்கிறது. ஆஃப்செட் 45 இருந்திருந்தால் வெளியே 5 குறைந்து உள்ளே 5 கூடியிருக்கும். 40 ஒன்றும் மோசமான தேர்வு இல்லை. ஆனால் உள்பக்கம் காயிலோவரின் ஸ்பிரிங் தட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டயரின் அகலத்தையும் அப்படியே நம்பாதீர்கள். 245 என்று எழுதியிருப்பது, குறிப்பிட்ட அளவு ரிம்மில் மாட்டி அளந்தது. இந்த அளவுக்கு அது எட்டரை அங்குலம். ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் வயிறு ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். உங்கள் 9 அங்குல ரிம்மில் அது 250 சொச்சம். டிராக்குக்கென்று வரும் டயர்களின் தோள் சதுரமாக இருக்கும், அதே எண் போட்ட சாதாரண டயர் உரசாத இடத்தில் அது உரசும்.

பழையரப்பர்:

நான் கேட்பது வேறு. இந்த வண்டிக்கு எதற்கு 245? தலைமைப் பொறியாளர் தாதா தெத்சுயா வேண்டுமென்றே பிடிமானம் குறைந்த மெல்லிய டயரோடு இதை வெளியிட்டார். கம்பெனியிலிருந்து வந்த மிஷெலின் பிரைமசி எச்.பி., ப்ரியஸ் காருக்கும் போட்ட டயர். குறைந்த வேகத்தில் பின்பக்கம் வழுக்கி ஓட்டுபவருக்கு விளையாட்டு காட்ட வேண்டும் என்பதுதான் கருத்து. 200 குதிரைத்திறனுக்கு 245 போட்டால் வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஆகிவிடும். சாலையில் அதன் எல்லையை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

225/45ஆர்17-ஐக் கம்பெனி ரிம்மிலேயே போடுங்கள். எதுவும் உரசாது, யாரும் எதையும் உருட்ட வேண்டாம்.

தாழ்வாரம்:

வந்துவிட்டார் ஐயா. எந்த இழையிலும் "போடாதே" என்பதுதான் இவர் பதில்.

பின்சக்கரம்:

அவர் சொல்வதில் சாலைக்கு உண்மை இருக்கிறது. ஆனால் தம்பி செப்பாங்குக்குப் போகிறார். அந்த வெயிலில், அந்த நீண்ட வளைவுகளில் பழைய பிரைமசி சீக்கிரமே சூடேறிக் களிம்பாகிவிடும். டிராக் வண்டிக்கு 245 நியாயமான அளவு. அதைப் பிறகு வேறு இழையில் சண்டையிடுவோம்.

தம்பி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காயிலோவரில் உயரம் எங்கே மாற்றப்படுகிறது? ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் திருகியா, அல்லது அடிப்பகுதியிலுள்ள பிடியைத் திருகியா?

கிள்ளான்86:

அடியில். கடையில் "ஸ்பிரிங்கைத் தொடாதே, கீழே திருகினால் பயணதூரம் குறையாது" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

பின்சக்கரம்:

பெருமைக்குரியதுதான். உங்கள் பின்பக்கம் இடிப்பதற்கும் காரணம் அதுதான்.

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இது பலருக்குப் பிடிபடுவதில்லை. சாதாரண குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டு வண்டியை இறக்கினால், ஷாக் அப்சார்பர் அதே நீளம். பம்ப் ஸ்டாப் (ஷாக் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) அதே இடம். சக்கரம் மேலே ஏறக்கூடிய கடைசிப் புள்ளி தொழிற்சாலை வகுத்த இடத்திலேயே நிற்கிறது. அந்த இடத்துக்கு அடிக்கடி போய் மோதும், அவ்வளவுதான். பயணம் கெடும், ஆனால் தொழிற்சாலை அனுமதித்ததற்கு மேல் சக்கரம் ஃபெண்டருக்குள் ஏறாது.

அடியில் திருகி இறக்கும் வகையில் ஷாக்கின் மொத்த நீளமே குறைகிறது. பம்ப் ஸ்டாப்பும் தண்டும் அப்படியே இருக்க, சக்கரம் மட்டும் மேலே நகர்ந்துவிடுகிறது. பயணதூரம் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி, டொயோட்டா ஒருபோதும் சக்கரத்தை அனுமதிக்காத உயரத்தில் நடக்கிறது. அங்கே தகடு இருக்கிறது, திருகு இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது. போதாக்குறைக்கு 14 மி.மீ. ஆரம் கூடிய டயர்.

ஆகவே, தனியாகப் போனால் உரசாமல், ஆள் ஏறினால் இடிப்பது ஃபெண்டர் மடிப்பின் குற்றம் அல்ல. சக்கரத்துக்கு எல்லை வகுக்க யாருமில்லை என்பதுதான். எல்லையை நீங்கள் வகுக்க வேண்டும்.

அளவுகோல்:

இதை நானும் இப்போதுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். அப்படியென்றால் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதால் பயன் இல்லையா?

பின்சக்கரம்:

அரைகுறைப் பயன். கடைசிப் புள்ளிக்குப் போகும் வாய்ப்பு குறையும், புள்ளி நகராது. ஒரு நாள் நான்கு பேரோடு ஆழமான பள்ளத்தில் இறங்குவீர்கள், அன்று போகும்.

சோதனை இப்படிச் செய்யுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ விடாதீர்கள். ஒரு மூலையின் காயிலோவரைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் திரும்ப மாட்டுங்கள். சக்கரத்தைப் போடுங்கள். இன்னொரு ஜாக்கியால் சக்கரத்தை மெதுவாக மேலே தூக்குங்கள். ஸ்பிரிங் இல்லாததால் எளிதாக ஏறும். பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கும்வரை தூக்குங்கள். முன்சக்கரம் என்றால் ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடித்துப் பாருங்கள். சாலையில் ஒருபோதும் காண முடியாததை அப்போது கண்ணால் காணலாம்.

அதற்கு முன்பாக வீல் வளைவுக்குள் ஒரு டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போடுங்கள். உரசிய இடம் தானே பேசும்.

கிள்ளான்86:

படம் எடுத்தேன். இணைப்பு ஏறவில்லை, எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்பக்கம் வலது: ஃபெண்டரும் பம்பரும் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் காது, அதில் ஒரு திருகு. திருகின் தலை வெள்ளியாகப் பளபளக்கிறது. அதைச் சுற்றி ரப்பர் துருவல், பென்சில் அழித்ததுபோல் சுருண்டு ஒட்டியிருக்கிறது. ஃபெண்டர் மடிப்பில் கீறல்கூட இல்லை! பின்பக்கம் இடது சுத்தம்.

முன்பக்கம்: லைனரின் (வீல் வளைவின் உட்பக்கப் பிளாஸ்டிக் மறைப்பு) முன்பகுதியில், பம்பருக்குப் பின்னால், விரல் அகலத்துக்கு வழவழப்பான பட்டை. ஒரு கிளிப் பிய்ந்து தொங்குகிறது.

இடது முன்சக்கரத்தின் உள்சுவரில் முழு வட்டத்துக்கும் ஒரு கறுத்த மினுக்கம். அதற்கு நேரே காயிலோவரின் பூட்டு வளையத்தில் சாயம் போயிருக்கிறது.

ஸ்கார்பரோவாசி:

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. உருட்டக் கொடுத்திருந்தால் தொடாத மடிப்பை மடக்கிவிட்டு அந்தத் திருகை அப்படியே விட்டிருப்பார்கள்.

இந்த வண்டி எங்கள் ஊரில் சயான் எஃப்.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்றது. என்னுடையதில் முன்பு வைத்திருந்தவர் பின்மடிப்பை உருட்டியிருந்தார். முன் ஃபெண்டர் ஒற்றைத் தகடு, போல்ட்டில் நிற்பது; கெட்டால் கழற்றி வேறு போடலாம். பின்னால் அப்படி இல்லை. வெளித்தகடும் உள்தகடும் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து, இடையில் சீலன்ட் பூசிய இடம் அது. உருட்டும்போது சாயம் மட்டுமல்ல, அந்தச் சீலன்ட்டும் வெடிக்கும். ஒன்டாரியோ குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். உப்புநீர் அந்த வெடிப்பில் புகுந்தால் துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். நான் வெட்டி ஒட்டத்தான் வேண்டியிருந்தது.

உங்களுக்கு உப்பு இல்லை என்றாலும் மழைக்குப் பஞ்சமில்லை. கட்டாயம் உருட்டவேண்டி வந்தால் ஹீட் கன்னால் தகட்டை நன்றாகச் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றில் உருட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் உள்விளிம்பு முழுக்கப் புது சீலன்ட் இழுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

தாழ்வாரம்:

சரி, என் "தாராளமாக"வைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் சுத்தமாக இருப்பது எப்படி?

பின்சக்கரம்:

இயல்பு. சப்ஃபிரேமோ (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) உடற்கூடோ சில மில்லிமீட்டர் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். இறக்கினால் பின் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) தானாகக் கூடும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் கூடாது. பின் கீழ்க்கைகளை அட்ஜஸ்ட் செய்யும் வகைக்கு மாற்றினால் இரண்டையும் சமமாக்கலாம்.

தம்பி, இப்போது உங்கள் மூன்று தொல்லைகளும் பெயர் சொல்லிவிட்டன. முன் லைனர் உரசல் டயர் உயரத்தால். 245/35 போட்டால் பெரும்பாலும் போய்விடும். பிய்ந்த கிளிப்பைப் புதிதாகப் போட்டு லைனரை இழுத்துக் கட்டுங்கள். பின்திருகு, சக்கரம் மிஞ்சி ஏறுவதால். திருகை எடுத்து, காதை மடக்கி, தட்டைத் தலைத் திருகாகப் போடுங்கள். அதோடு பம்ப் ஸ்டாப்புக்கு மேல் பேக்கர் வளையம் (இடைவெளியை நிரப்பும் துண்டு) சேர்த்துக் கடைசிப் புள்ளியைக் கீழே கொண்டுவாருங்கள். 35 இறக்கத்தை 25 ஆக்கினால் இன்னும் நிம்மதி.

உள்சுவர் மினுக்கம்தான் எனக்குக் கவலை. மற்ற இரண்டும் சத்தம் போடும் தொல்லை. இது வெறும் சீறலோடு டயரை அறுக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், இங்கே இரும்பு வளையம், மெல்லிய ரப்பர் சுவர், நெடுஞ்சாலை வேகம். இதைச் சரிசெய்யும்வரை பழைய சக்கரங்களில் ஓட்டுங்கள். முன்பக்கம் கேம்பர் போல்ட் போட்டிருக்கிறார்களா?

கிள்ளான்86:

ஆம், அலைன்மென்ட் சீட்டில் முன் கேம்பர் இரண்டரை டிகிரி நெகட்டிவ் என்று இருக்கிறது. "டயரை உள்ளே சாய்த்துவிட்டோம், வெளியே உரசாது" என்றார்கள். மேலே கேம்பர் பிளேட்டும் இருக்கிறது, அது நடுவிலேயே நிற்கிறது.

பின்சக்கரம்:

பிடிபட்டது. கேம்பர் போல்ட், ஸ்ட்ரட்டும் (முன்பக்க ஷாக்) நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே சாய்த்தால் டயரின் தலை ஸ்ட்ரட்டை நோக்கிச் சாயும். வெளியே கிடைத்த இடத்தை உள்ளே இழக்கிறீர்கள். மேலே பிளேட்டில் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் டயரும் ஒன்றாகச் சாயும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறாது. ஃபெண்டரிடமிருந்து விலகும் பயன் மட்டும் கிடைக்கும். இந்த அளவு சக்கரத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் டயரின் தலை ஏறக்குறைய ஐந்தரை மி.மீ. உள்ளே போகும்.

எனவே கீழே போல்ட்டை நேராக்குங்கள், சாய்வு முழுவதையும் மேல்பிளேட்டில் எடுங்கள். பிறகு டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சுழியத்துக்கு வையுங்கள். உள்விளிம்பு தேய்கிறது என்று எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள், பாதிக்கு மேல் தின்பது தப்பான டோ.

ஒசாகாநட்டு:

இடையில் ஒன்று. இப்படியும் இடம் போதவில்லை என்றால் சிலர் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) போடச் சொல்வார்கள். 3 அல்லது 5 மி.மீ. போடுவதில் தவறில்லை, ஆனால் 86-இன் ஸ்டட் (நட்டு ஏறும் திருகு) 12க்கு 1.25 மி.மீ., நட்டு அதில் குறைந்தது 12 மி.மீ. ஆழம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நீள ஸ்டட் போட்டே ஆக வேண்டும். ஹப் துளை 56.1, வெளிரிம்களின் துளை பெரிதாக இருக்கும், நடுவளையம் போடாவிட்டால் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள், காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள்.

ஜப்பானில் ஷாக்கென் என்ற கட்டாய வாகனச் சோதனையில் இதையெல்லாம் அளப்பார்கள். தரையிலிருந்து 9 செ.மீ. இடைவெளி வேண்டும். சக்கர மையத்திலிருந்து முன்னே 30 டிகிரி, பின்னே 50 டிகிரிக்குள் சக்கரம் ஃபெண்டரைத் தாண்டக் கூடாது. 2017-இல் விதியைத் தளர்த்தி டயர் மட்டும் 10 மி.மீ.க்குள் நீட்டலாம் என்றார்கள். ரிம்முக்கோ நட்டுக்கோ அந்தச் சலுகை கிடையாது. அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொண்டு ஸ்பேசர் வாங்குங்கள்.

பழையரப்பர்:

225/45ஆர்17 என்று சொன்னேன். இரண்டு பக்கம் ஓடிவிட்டது.

கிள்ளான்86:

வேலை முடிந்தது. 245/35ஆர்18 மாற்றினேன். போல்ட்டை நேராக்கி, மேல்பிளேட்டில் இரண்டரை டிகிரி எடுத்தோம். இப்போது உள்சுவருக்கும் பூட்டு வளையத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தூக்கிப் பார்க்கும் சோதனையைப் பட்டறையில் செய்யச் சொன்னேன். முதலில் என்னைப் பைத்தியக்காரனைப்போல் பார்த்தார்கள். வலது பின்சக்கரம் பம்ப் ஸ்டாப் அமுங்கியபின்னும் ஏறி, திருகைத் தொட்டு, அதற்குப் பிறகும் மேலே போனதைப் பார்த்ததும் மெக்கானிக் தானே பேக்கர் வளையம் கடைந்து போட்டார். காதை மடக்கியாயிற்று. உயரத்தை 25-க்குக் கொண்டுவந்தாயிற்று. ஃபெண்டர் மடிப்பை யாரும் தொடவில்லை.

செப்பாங்கில் நாள் முழுக்க ஓட்டினேன். பின்னால் சத்தமே இல்லை. முன்பக்கம் ஒரே இடத்தில்: கடைசி ஊசி வளைவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே உள் கெர்ப்பில் (தட விளிம்பு மேடு) ஏறினால் லைனர் லேசாகத் தடவுகிறது.

பின்சக்கரம்:

பிரேக் பிடித்து மூக்கு அமுங்கி, ஸ்டீயரிங் ஒடிந்து, அதற்கு மேல் கெர்ப்பும் ஏறினால் தடவத்தான் செய்யும். லைனரின் அந்த இடத்தை ஹீட் கன்னால் சூடாக்கி, துணி சுற்றிய கட்டையால் உள்ளே அழுத்தி ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் அந்த வடிவத்திலேயே நிற்கும். இன்னும் கொஞ்ச நாள் டார்ச் அடித்து உள்சுவரைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சிரம்பான்எஸ்டிஐ:

கழற்றிய 245/40ஆர்18 நான்கும் என்ன ஆயின? 2012 சுபாரு எஸ்.டி.ஐ.க்கு அதுதான் கம்பெனி அளவு. உள்சுவரில் மினுக்கம் விழுந்த அந்த ஒன்று வேண்டாம், மற்ற மூன்றுக்கு விலை சொல்லுங்கள்.

கிள்ளான்86:

எஸ்.டி.ஐ.யில் நான்கு சக்கரமும் இழுக்குமே, மூன்று பழையது ஒன்று புதியது என்று போட்டால் டிஃபரன்ஷியலுக்கு ஆகுமா? வேண்டுமானால் தனிமடலில் பேசலாம்.

சிரம்பான்எஸ்டிஐ:

ஓடியது சில நூறு கிலோமீட்டர்தானே, தேய்மானம் அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் அதே டயரில் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்கிறேன். தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.